வெட்டுக்காயப் பூண்டு

ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறோம். யாரும் விதைக்காமலே வேலூர் வெயிலிலும் பூக்கும் ஒரு சிறு செடியை நீங்கள் கவனித்ததுண்டா, தோழியரே? சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் தானே முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டுதான் அது. நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூவைத் தாங்கி நிற்கும். 'தாத்தாப் பூ' என்று சொல்லி, கட்டை விரலால் அதன் தலையைச் சுண்டி விளையாடியது பலருக்கு நினைவிருக்கும்.

இச்செடி சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாவரவியல் பெயர் 'டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ்'. நாம் ஒரு பூ என்று எண்ணுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். நடுவில் மஞ்சள் நிறப் பூக்கள். ஓரத்தில் இதழ் போன்ற வெளிர்நிறப் பூக்கள் சில. ஓரப் பூக்களின் நுனி மூன்று பற்களாகப் பிளவுபட்டிருக்கும். விதையின் தலையில் இறகு போன்ற மயிர்கள் உண்டு. அதனால் காற்று அதைச் சுமந்து சென்று சுவர் இடுக்கிலும் சேர்த்துவிடுகிறது. மெக்சிகோ உள்ளிட்ட வெப்பமண்டல அமெரிக்கப் பகுதி இதன் தாயகம். அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசு இதைத் தீய களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

நானும் இதை வெறும் களை என்றே நினைத்திருந்தேன். சென்ற பொங்கலுக்கு முன் தோட்டத்தைச் சுத்தம் செய்தபோது எல்லாவற்றையும் பிடுங்கிக் குவித்தேன். களைக்கொத்து பட்டு விரலில் இரத்தம் வந்தது. பாட்டி அந்தக் குவியலிலிருந்தே நான்கு இலைகளை எடுத்துக் கழுவி, கசக்கிச் சாறு பிழிந்தார். "மருந்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அழுகிறாயே!" என்றார். சற்று நேரத்தில் இரத்தம் நின்றது. எலிகளின் காயங்களில் இச்சாற்றைச் சோதித்த ஆய்வாளர்களும், காயம் ஆற இது உதவுவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஆழமான காயத்திற்கும் துருப்பிடித்த இரும்பு குத்தியதற்கும் மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும்.

அன்று மாலை என் கைகள் அரித்தன. அதே குவியலில் பார்த்தீனியமும் இருந்தது! 1950களில் புனே நகரில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய களை அது. பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தருவது. கேரட் இலை போல ஆழமாக வெட்டுப்பட்ட இலைகளும், கிளைகள் நிறையச் சிறு வெள்ளைப் பூக்களும் அதன் அடையாளம். அதை வெறுங்கையால் தொடக்கூடாது. பூக்கும் முன்பே அகற்ற வேண்டும்.

இரண்டும் ஒரே குடும்பம். இரண்டும் விதைக்காமல் வந்தவை. ஒன்று என் காயத்தை ஆற்றியது, மற்றது அரிப்பைத் தந்தது. எனவே தோழியரே, ஒரு செடியைப் பிடுங்குமுன் அதன் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டறிவோம்.