உங்களுக்குத் தெரியுமா? – நோன்பும் உடல் நிறையும்

● றமழான் எந்த மாதத்தில் வந்தாலும் கல்முனைக் கரையில் நோன்பின் நேரம் 13 முதல் 14 மணித்தியாலந்தான். பூமத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் அல்லவா! ஜூன் மாதத்தில் நோன்பு வந்தால் லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகள் 18 மணித்தியாலத்துக்கு மேல் பசித்திருக்க வேண்டும். நம்முடைய பகல் உடம்பு தாங்கக்கூடியது. நிறை கூடுவதும் குறைவதும் மஃரிபுக்கும் ஸஹருக்கும் இடையிலுள்ள அந்தப் பத்து மணித்தியாலத்தில்தான்.

● கல்முனைக்கு மேற்கே வயல்களுக்கு நடுவே இருக்கும் சொறிக்கல்முனை, திருச்சிலுவைத் திருத்தலத்தால் பேர்பெற்ற கத்தோலிக்கக் கிராமம். 2025இல் நமக்கு முதல் நோன்பு மார்ச் 2. அவர்களுக்கு விபூதிப் புதன் மார்ச் 5. ஒரே மாதத்தில் இரு சமூகமும் நோன்பிருந்தன. அவர்களின் நோன்பு நாளில் ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. மற்ற இரு வேளையும் சிறிதளவு, அவ்விரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டை எட்டக்கூடாது. அங்கே சட்டம் அளவுக்கு, நமக்கு நேரத்துக்கு. நேரத்தை நிமிடம் பிசகாமல் பேணும் நாம், அளவை மறந்துபோகிறோம். வயிற்றை உணவுக்கும் தண்ணீருக்கும் மூச்சுக்குமாக மூன்றாகப் பிரிக்கும் நபிவழி மத்ரஸாவிலேயே நாம் படித்ததுதானே!

● 35 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வின்படி, றமழானில் சராசரியாக ஒன்றேகால் கிலோ குறைகிறது. பெருநாள் கழிந்த இரண்டே வாரத்தில் அதில் முக்கால் கிலோவுக்குக் கிட்டத் திரும்பி வந்துவிடுகிறது. வட்டிலப்பத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பழைய பழக்கம் முழுவதுமே திரும்பிவிடுகிறது.

● சிறிய பேரீச்சம்பழம் ஒன்றில் சுமார் 20 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120. அதாவது ஆறு பழம்! தேங்காய் எண்ணெய், மரக்கறி எண்ணெய் என்ற வித்தியாசம் இதில் இல்லை. சமோசா, ரோல்ஸ், கட்லட் என்று தட்டு நிறைய அடுக்குகிறோமே, அவை குடித்து வைத்திருக்கும் எண்ணெயை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? அந்த ஒரு கரண்டியைக் கரைக்க அரை மணித்தியாலமாவது நடக்க வேண்டும். பொரித்ததை வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் முதல் இரண்டு நாள் முகம் சுளிப்பார்கள், பிறகு பழகிவிடும்.

● அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் பாத்திரத்தோடு வரிசையில் நின்று வாங்கும் கஞ்சி, நோன்பு திறக்க அருமையான உணவு. அதில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த உடம்புக்கு நீர் கிடைக்கிறது, வயிறும் சீக்கிரம் நிறைகிறது. பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சி. பிறகு மஃரிப் தொழுதுவிட்டு வந்து சாப்பாட்டில் உட்காருங்கள். அந்த இடைவெளியில் பசி பாதியாக அடங்கியிருக்கும். தேங்காய்ப்பாலை மட்டும் இரண்டாம் பாலோடு நிறுத்திக்கொண்டால் நல்லது.

● போத்தல் குளிர்பானங்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறத்தால் காட்டும் முறை இலங்கையில் 2016இல் வந்தது. வீட்டில் கரைக்கும் சர்பத்துக்கும் ஃபலூதாவுக்கும் அப்படி நிறம் ஒட்ட ஆளில்லை. ஐந்து தேக்கரண்டி சீனி போட்டால் 80 கலோரி. பால்மாவும் ஐஸ்கிரீமும் அதற்கு மேலே. வத்தகப்பழம் வெட்டி வையுங்கள்.

● நிறை குறைந்துவிடக் கூடாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பெரும்போக அறுவடையில் வயலில் நிற்பவரும், கரைவலை இழுப்பவரும் ஸஹரை விட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. தவிட்டரிசிச் சோறு, முட்டை, அவித்த பயறு அல்லது கடலை, மீன் இருந்தால் நெடுநேரம் தாங்கும். வெறும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் முற்பகலிலேயே கைவிட்டுவிடும்.

● மாலையில் தராசில் ஏறி ஒரு கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. வியர்வையாய்ப் போனது தண்ணீர்தான். வாரத்தில் ஒரு நாள், ஸஹருக்கு எழும்பியவுடன் நிறுத்துப் பாருங்கள். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ளவர் 63 கிலோவை எட்டினாலே ஆசியர்களுக்கான அளவுகோலில் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார்.

● நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், நிறை குறைக்கும் ஆசையில் தாமாக மருந்தை மாற்ற வேண்டாம். றமழானுக்கு ஆறு வாரம் முன்பே வைத்தியரைப் பாருங்கள். விரலில் குத்தி இரத்தச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. அது 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் அந்த நிமிடமே நோன்பைத் திறந்துவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. உங்கள் வாப்பா, உம்மாவுக்கு இதை இன்றே சொல்லுங்கள்.