இராக்கெட்டு இயந்திரத்தின் அழுத்தக் குழாய்கள்

நம் தோட்டத்து மரங்களில் வடியும் ரப்பர்ப் பால், வெட்டின் சரிவிலே தானாக ஓடி மங்கில் சேர்கின்றது. இராக்கெட்டு இயந்திரத்திலோ எரிபொருள் அவ்வாறு ஓடிச் சேர இயலாது. ஏன் என்பதைக் காண்போம்.

தமிழ்நாட்டின் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் ‘விகாஸ்’ இயந்திரத்தில் இரு திரவங்கள் பயன்படுகின்றன. ஒன்று எரிபொருள், மற்றொன்று அதனை எரியச் செய்வது. இரண்டும் கலந்த மாத்திரத்தில் தீப்பற்றும். எரியறையின் அழுத்தம், நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் 50 மடங்கிற்கும் அதிகம். அதனை எதிர்த்து உட்புக வேண்டுமாயின், குழாயில் வரும் திரவத்தின் அழுத்தம் அதனினும் மிகுந்திருத்தல் வேண்டும். அவ்வழுத்தத்தைச் சுழலும் பம்புகள் தருகின்றன. ஆதலின் குழாய்களும் இணைப்புகளும் மிக உறுதியாய் இருத்தல் வேண்டும். சிறு கசிவும் பெருந்தீயாகலாம்.

தொட்டிகளுக்கும் இவ்விதியே. 2013 ஆகஸ்டு 19 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி. டி-5 இராக்கெட்டு புறப்பட 74 நிமிடங்களே இருந்தன. விகாஸ் பொருத்திய இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிவது தெரிந்ததும், அறிஞர்கள் பயணத்தை நிறுத்தினர். தொட்டியில் விரிசல் கண்டு, வேறு உலோகக் கலவையால் ஆன தொட்டியை அமைத்தனர். 2014 ஜனவரி 5 அன்று இராக்கெட்டு வெற்றியுடன் விண்ணேகியது.

மாணவர்களே, குறை கண்டவிடத்து நின்று திருத்துதல் தோல்வியன்று. அதுவே வெற்றிக்கு வழியென நாம் அறிவோமாக.