துள்ளும் வண்டு எந்தச் செடியில்?

முள்ளங்கிப் பாத்தியில் இளஞ்செடியின் இலைகள் சல்லடைபோல் துளைபட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தின்றது யார் என்று குனிந்து விரலை நீட்டுங்கள். எள்ளளவே உள்ள ஒரு கரிய வண்டு 'டக்'கென்று துள்ளி மறையும். அதுதான் தெள்ளுவண்டு. தெள்ளுப்பூச்சியைப் போலத் துள்ளுவதால் இந்தப் பெயர். மற்றபடி இரண்டுக்கும் உறவில்லை.

இதன் பின்னங்கால்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். தொடை மட்டும் பருத்திருக்கும். அதனுள்ளே சுருள்வில் போன்ற கடினமான ஓர் உறுப்பு உண்டு. தசைகள் இழுக்கும் விசை அதில் சேர்ந்து, சட்டென்று விடுபடும்போது வண்டு எகிறுகிறது. 1929இல் இதை ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டவரான சமரேந்திர மௌலிக். 'மௌலிக் உறுப்பு' என்றே அதற்குப் பெயர். (திராட்சைக் கொடியின் 'தெள்ளுவண்டு' பெயரளவில்தான் தெள்ளுவண்டு. அது வேறு உட்குடும்பம்.)

தொடையைப் பார்த்து இனக்கூட்டத்தை அறியலாம். எந்த இனம் என்று அறியச் செடியைக் கேட்க வேண்டும். முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோசு ஆகியவற்றில் இருப்பது ஃபில்லோட்ரீட்டா. பூச்சிகளை விரட்டக் கடுகுக் குடும்பம் வைத்திருக்கும் கார நெடியே இதற்கு விருந்தழைப்பு! வெண்டையிலும் புளிச்சையிலும் இருப்பது நிசோட்ரா. ஒன்றின் இலையை மற்றது சீண்டுவதில்லை.

இதில் உழவருக்கு என்ன? அரும்பாவூர் ஏரிப் பாசன வயல் போன்ற ஈர நிலங்களில், மஞ்சள் பூப் பூக்கும் நீர்க்கிராம்பு என்ற களை நெல்லோடு வளரும். அதன் இலையை நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்பது ஆல்டிகா சயானியா என்னும் பளபளக்கும் நீலத் தெள்ளுவண்டு. புழுவும் அதே இலையைத்தான் தின்னும். நெற்பயிரைச் சுரண்டி வெண்கோடுகள் போடும் இன்னொரு நீல வண்டும் உண்டு. அதன் உடல் ஒடுங்கி நீண்டிருக்கும், அது துள்ளாது. நிறத்தை மட்டும் பார்த்து மருந்தடித்தால், களையைத் தின்னும் வண்டு சாகும், காசும் கரியாகும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இலைமேல் உட்கார்ந்திருப்பதெல்லாம் அதைத் தின்பதாகாது. காற்றில் வந்து இறங்கியிருக்கலாம். வண்டை அதே இலையுடன் ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, ஒரு நாள் வையுங்கள். இலையில் புதுத் துளைகள் விழுந்தால் சான்று கிடைத்துவிட்டது. பிறகு சீட்டு எழுதுங்கள்: நாள், ஊர், செடியின் பெயர், 'தின்றது' அல்லது 'உட்கார்ந்திருந்தது'. செடியின் பெயர் தெரியாவிட்டால் பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, சீட்டுடன் சேர்த்து வையுங்கள்.