நெருப்புக்கு அஞ்சாத மரம் நம் செருப்புக்கு அஞ்சுகிறது

ஒரு மரத்தின் அடியில் போய் நின்றால் 5,000 டாலர் அபராதமும் ஆறு மாதச் சிறையும் கிடைக்கலாம் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் அப்படி ஒரு மரம் இருக்கிறது. பெயர் ஹைபீரியன். ரெட்வுட் இனத்தைச் சேர்ந்தது. உயரம் சுமார் 116 மீட்டர், அதாவது 380 அடி. உலகில் இன்று உயிரோடு நிற்கும் மரங்களில் இதைவிட உயரமானதை யாரும் அளந்ததில்லை. 2006-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் பூங்காக்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள். 2022-லிருந்து அதைச் சுற்றியுள்ள பகுதிக்குள் யாரும் நுழையக் கூடாது என்று தடையும் போட்டுவிட்டார்கள்.

யாராவது வெட்டிவிடுவார்களோ என்று பயமா? தீ வைத்துவிடுவார்களோ என்று பயமா? அதெல்லாம் இல்லை. பயம் முழுக்க நம் செருப்பைப் பார்த்துத்தான்! ஏன் என்று புரிய வேண்டுமானால் ரெட்வுட் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வர வேண்டும். கவலை வேண்டாம், நாம் போகப்போவது அனுமதி உள்ள பாதை.

ஜூலையிலும் ஸ்வெட்டர்

கலிஃபோர்னியாவின் வடக்குக் கோடியில், பசிபிக் கடலோரமாக, ஒரு தேசியப் பூங்காவும் மூன்று மாநிலப் பூங்காக்களும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. நான்கையும் சேர்த்தே நிர்வகிக்கிறார்கள். அவற்றில் ஒன்றான பிரெய்ரி கிரீக் பூங்காவுக்குப் போவோம். கோடை விடுமுறைதானே என்று மெல்லிய சட்டையோடு கிளம்பிவிடாதீர்கள். ஜூலை மாதக் காலையிலும் இங்கே குளிரும். கடலிலிருந்து மூடுபனி வந்து மரங்களை மறைத்துக்கொண்டு நிற்கும்.

வாசலிலேயே ஒரு புல்வெளி. ரூஸ்வெல்ட் எல்க் என்ற பெரிய மான்கள் அங்கே கூட்டமாக மேயும். தள்ளி நின்றே பார்க்க வேண்டும். கிட்டப் போனால் முட்டித் தள்ளிவிடும்.

புல்வெளியைத் தாண்டி மரங்களுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று குறைகிறது. காலுக்கடியில் மெத்தென்று இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக உதிர்ந்த இலைகளும் குச்சிகளும் மக்கிய தரை அது. பக்கத்தில் ஒரு மரம். அதன் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க உங்கள் வகுப்பில் பாதிப் பேர் கைகோத்து நிற்க வேண்டியிருக்கும். அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும், உச்சி தெரியாது. இவற்றில் சில மரங்களுக்கு 2,000 வயதுக்கு மேல் ஆகிறது. நம்மூர்ச் செம்மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது பைன் மரங்களைப் போலக் கூம்பு காய்க்கும் ஊசியிலை மரம். இதன் விதை, தக்காளி விதை அளவுதான் இருக்கும்!

இப்போது குனிந்து தரையைப் பாருங்கள். மூன்று மூன்று இலைகளாகப் பச்சைக் கம்பளம் விரித்திருக்கிறதே, அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? நம் வீட்டுத் தொட்டிகளில் தானாக முளைக்கும் புளியாரையின் சொந்தக்காரச் செடி அது. காட்டுக்கடியில் கிடைக்கும் துளி வெளிச்சத்திலேயே உயிர் வாழப் பழகியது. அதனால் அதிக வெயில் அதற்கு ஆகாது. மேலே கிளைகள் விலகி ஒரு கற்றை வெயில் அதன்மேல் விழட்டும், சில நிமிடங்களில் மூன்று இலைகளையும் கீழ்நோக்கி மடக்கிக்கொள்ளும். வெயில் நகர்ந்ததும் மறுபடி விரிக்கும்.

இலைகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ நெளிகிறது. தொடாதீர்கள்! வாழைப்பழ நிறத்தில் இருக்கும் ஓடில்லாத நத்தை அது. உள்ளங்கையைவிட நீளமாகவும் வளரும். உதிர்ந்த இலையையும் காளானையும் தின்று மண்ணுக்கு உரமாக்கித் தருவது இதன் வேலை. இதன் மேலே இருக்கும் கொழகொழப்பு நாக்கில் பட்டால் மரத்துப்போகும். இதைத் தின்ன வரும் விலங்குக்கு அதுவே போதும்.

உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுவது யார்?

ஒரு கணக்குப் போடுவோம். மேலே உட்கார்ந்து உறிஞ்சும் மோட்டாரால் சுமார் 10 மீட்டருக்குக் கீழே உள்ள தண்ணீரை இழுக்க முடியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மோட்டாரானாலும் அவ்வளவுதான். தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுவது காற்றின் அழுத்தம். அதற்கு இருக்கும் பலமே அவ்வளவுதான். அதனால்தான் ஆழமான போர்வெல்லில் மோட்டாரையே தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறார்கள்.

ரெட்வுட்டோ 116 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுகிறது. மோட்டாரும் இல்லை, கரண்டும் இல்லை. எப்படி?

இழுப்பது இலைகள். இலையில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரின் மூலக்கூறுகளுக்கு ஒரு குணம் உண்டு: ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும். மேலே ஒன்று ஆவியாகிப் போனால், தனக்குப் பின்னால் இருப்பதை இழுத்துவிட்டுப் போகும். அது அடுத்ததை இழுக்கும். இப்படி உச்சி இலையிலிருந்து வேர் நுனி வரை, முடியைவிட மெல்லிய குழல்களுக்குள், அறுபடாத ஒரு நீர்ச் சரம் மேலேறிக்கொண்டே இருக்கிறது. மரம் இதற்காகத் தன் சக்தியைச் செலவழிப்பதில்லை. வேலையைச் செய்வது சூரியன்.

உயரம் கூடக் கூடச் சரத்தின் எடையும் கூடும், இழுப்பதும் கடினமாகும். அதனால் உச்சியில் எப்போதும் தண்ணீர்த் தட்டுப்பாடுதான். கீழ்க்கிளையில் இலைகள் அகலமாக, தட்டையாக இருக்கும். உச்சிக்கிளையில் குட்டிக் குட்டியாகத் தண்டோடு ஒட்டியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு மரத்து இலைகள் என்றுதான் சொல்வீர்கள். இந்த மரங்களில் கயிறு கட்டி உச்சிவரை ஏறி அளந்த விஞ்ஞானிகள், ரெட்வுட் அதிகபட்சம் 122 முதல் 130 மீட்டர் வரைதான் வளர முடியும் என்று 2004-ல் கணக்கிட்டார்கள். அதற்கு மேல் இலைகள் வளரவும் உணவு தயாரிக்கவும் போதிய தண்ணீர் ஏறாது.

பனியைக் குடிக்கும் இலை

இந்தக் கடலோரத்தில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். கோடையில் வானம் கைவிரித்துவிடும். அப்போது மரத்தைக் காப்பாற்றுவது நம்மைக் குளிரவைத்த அந்த மூடுபனி. இங்கே கடல்நீர் மிகவும் சில்லென்று இருக்கும். அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து பனியாகிக் கரைப்பக்கம் நகர்கிறது.

ரெட்வுட் இந்தப் பனியை இரண்டு வழியில் பயன்படுத்துகிறது. ஊசியிலைகளில் பனி பட்டுத் துளியாகத் திரண்டு சொட்டுச் சொட்டாக வேருக்கு விழுகிறது. ஓர் ஆண்டில் காட்டுக்குக் கிடைக்கும் தண்ணீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படி வருகிறது என்று ஓர் ஆய்வு அளந்து சொன்னது. இன்னொரு வழி, இலையே நேராகக் குடித்துவிடுவது. ரெட்வுட்டில் இரண்டு வகை இலைகள் இருப்பதை 2022-ல் விளக்கினார்கள். ஒரு வகை உணவு தயாரிக்கும். தண்டை ஒட்டியிருக்கும் இன்னொரு வகைக்குத் தண்ணீர் உறிஞ்சுவதுதான் முக்கிய வேலை.

தீ வந்தால்?

பாதையோர மரங்கள் சிலவற்றின் அடியில் கன்னங்கரேல் என்று பெரிய பொந்து இருக்கும். பழைய காட்டுத் தீ குடைந்த பொந்து. அந்தக் காலத்தில் இங்கே குடியேறியவர்கள் இதற்குள் வாத்துகளைக்கூட அடைத்து வளர்த்தார்களாம். அவ்வளவு எரிந்தும் மரம் பச்சையாக நிற்கிறதே, எப்படி? மரத்தின் நடுக்கட்டை உயிரற்றது. உயிருள்ள அடுக்கு பட்டைக்குச் சற்று உள்ளேதான் இருக்கிறது. அதில் ஒரு பகுதி தப்பித்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும்.

அதைக் காப்பது பட்டை. முதிய மரத்தில் இது 30 சென்டிமீட்டர் வரை தடித்திருக்கும். பைன் மரத்தில் வடிவது போன்ற பிசின் இதில் கிடையாது. அதனால் எளிதில் பற்றிக்கொள்ளாது. கடுக்காயில் இருக்கிறதே துவர்ப்பு, அந்த டானின் இதில் நிறைய உண்டு. பூச்சிகளுக்கு அது பிடிக்காது.

2020 ஆகஸ்டில் பெரிய பரீட்சை வந்தது. கலிஃபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்காவான பிக் பேசினில் மின்னலால் மூண்ட தீ, பூங்காவின் பெரும்பகுதியை எரித்தது. ஊசியிலை ஒன்றுகூட மிச்சமில்லாமல் ரெட்வுட்கள் கரிக்கம்பங்களாக நின்றன. ஆனால் சில மாதங்களில் அந்தக் கரிய பட்டையைப் பிளந்துகொண்டு பச்சைத் துளிர்கள் வந்தன! பட்டைக்கு அடியில் நூற்றாண்டுக் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் அவை. இலையே இல்லாத மரத்துக்குத் துளிர்விட உணவு ஏது? பல பத்தாண்டுகளுக்கு முன்பு தயாரித்துச் சேமித்துவைத்த சர்க்கரையை மரம் எடுத்துச் செலவழித்திருந்தது. 2023-ல் வந்த ஆய்வு இதைக் காட்டியது.

அப்படியானால் செருப்புக்கு ஏன் பயம்?

இவ்வளவு உயர மரத்துக்கு ஆணிவேர் பாதாளம் வரை போகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ரெட்வுட்டுக்கு ஆணிவேரே இல்லை. வேர்கள் சில மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் 30 மீட்டர் வரைகூடப் பரவி, அடுத்த மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. காற்று அடித்தால் தோப்பே சேர்ந்து தாங்கும்.

தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. அந்த மெத்தென்ற மண்ணில் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தால் என்ன ஆகும்? மண் இறுகும். அதிலுள்ள சின்னச் சின்ன இடைவெளிகள் அடைபடும். மழைநீரும் காற்றும் வேருக்குப் போகாது. ஹைபீரியனைத் தேடிப் பாதையில்லாத காட்டைக் கிழித்துக்கொண்டு வந்தவர்களின் காலில் மிதிபட்டு, அந்த மரத்தைச் சுற்றியிருந்த பெரணிச் செடிகள் அழிந்தன. அதனால்தான் அந்தத் தடை. ஜெடடையா ஸ்மித் பூங்காவில் இன்னொரு பெரிய மரத் தோப்புக்கும் இதே கதி வந்தது. அங்கே தரையைத் தொடாமல் உயர்த்திய நடைபாலம் கட்டிவிட்டார்கள். இப்போது மரத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம், வேரை மிதிக்க முடியாது.

பிஸ்கட் துகளும் கடல் பறவையும்

நடந்து களைத்து, பையிலிருந்து பிஸ்கட்டை எடுக்கிறீர்கள். ஒரு துகள் கீழே விழுகிறது. எறும்பு தின்னட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது.

மார்பிள்டு மர்லெட் என்று ஒரு சின்னக் கடல் பறவை. பகலெல்லாம் பசிபிக் கடலில் மீன் பிடிக்கும். அது எங்கே முட்டையிடுகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1974-ல் பிக் பேசின் பூங்காவில் மரம் ஏறிய தொழிலாளி ஒருவர், உயரக் கிளையில் குஞ்சு ஒன்றைப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. இந்தக் கடல் பறவை பறந்து பறந்து காட்டுக்குள் வந்து, முதிய மரத்தின் பாசி படர்ந்த அகலக் கிளையில் முட்டையிடுகிறது. கூடு கட்டுவதில்லை. இடுவது ஒரே ஒரு முட்டை.

பிஸ்கட் துகளைத் தேடி வருவது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர் ஜே என்ற நீலப் பறவை. தீனி கிடைக்கும் இடத்தில் அது பெருகும். பெருகினால் அக்கம்பக்கக் கிளைகளையும் துழாவும். அந்த ஒற்றை முட்டை அதற்கு அகப்பட்டால், மர்லெட்டுக்குப் பெரும்பாலும் அந்த ஆண்டுக் குஞ்சு இல்லை. அழியும் ஆபத்தில் இருக்கும் பறவை இது. அதனால்தான் சாப்பிட்ட இடத்தில் ஒரு துகள்கூட விடாதீர்கள் என்று பூங்காக்களில் கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்தக் காட்டில் நெடுங்காலமாக வாழும் யூரோக் மக்கள், விழுந்த ரெட்வுட்களைப் பிளந்து வீடு கட்டினார்கள். குடைந்து படகு செய்தார்கள். படகுக்கும் உயிர் உண்டு என்று நினைப்பதால் அதற்குள் ஓர் இதயத்தையும் செதுக்குவார்கள். காடு குறையவில்லை. 1850-க்குப் பிறகு வந்த மர வியாபாரம்தான் அதைக் காலிசெய்தது. பழங்காட்டில் இன்று மிச்சம் இருப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான். மக்கள் போராடியதால் 1968-ல் தேசியப் பூங்கா வந்தது. 1980-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. ரம்பத்திலிருந்து காப்பாற்றச் சட்டம் வந்துவிட்டது. காலடியிலிருந்தும் துகளிலிருந்தும் காப்பாற்ற வேண்டியது நடக்க வருகிறவர்கள். எந்தக் காட்டுக்குப் போனாலும் இந்த இரண்டும் பொருந்தும்: போட்ட பாதையில் நட, கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவா.

செய்து பாருங்கள்

இலைதான் தண்ணீரை இழுக்கிறது என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். காசித்தும்பைச் செடியில் ஒரே அளவில் இரண்டு தண்டுகளை வெட்டி எடுங்கள். ஒன்றில் இலைகளை அப்படியே விடுங்கள். இன்னொன்றில் எல்லா இலைகளையும் கிள்ளிவிடுங்கள். இரண்டையும் சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். காசித்தும்பைத் தண்டு கண்ணாடி மாதிரி இருப்பதால் சிவப்பு ஏறுவது வெளியிலேயே தெரியும். கால் மணிக்கு ஒருமுறை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தண்டில் சிவப்பு வேகமாக ஏறியது? பிறகு இலையுள்ள தண்டு ஒன்றின்மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டி அளந்து பாருங்கள். வேகம் ஏன் மாறுகிறது என்பதை இந்நேரம் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.