சுரைக்குடுக்கையும் திருகைக்கல்லும்: நாராயணவனம் உணர்த்தும் அன்றாட ஞானம்

ஆன்மிகப் பாடம் என்றதும் சாத்திர நூல்களும் குருவின் உபதேசமும் நினைவுக்கு வருவது இயல்பே எனினும், வீட்டில் புழங்கும் பொருளிலிருந்தும் நாள்தோறும் செய்யும் தொழிலிலிருந்தும் மெய்ம்மையைக் கற்கலாம் என்னும் மரபும் இந்நாட்டில் மிகப் பழையதாகும். அம்மரபுக்குச் சான்றாக நிற்கும் ஊர்களுள் ஒன்று, ஆந்திரத்தில் புத்தூருக்கு அருகே அமைந்த நாராயணவனம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022ஆம் ஆண்டு உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த இவ்வூர், ஆகாசராஜனின் மகளான பத்மாவதியைத் திருவேங்கடமுடையான் மணந்த தலமாகப் போற்றப்படுகிறது.

இங்குள்ள கல்யாண வேங்கடேசுவரர் கோயிலில் காணப்படும் பெரிய திருகைக்கல், அத்திருமணத்துக்கு அரைக்கப் பயன்பட்டது என்பது ஊர் நம்பிக்கை. கல்யாணச் செலவுக்காகப் பெருமாள் குபேரனிடம் கடன் வாங்கினார் என்றும், அடியார்கள் உண்டியலில் இடும் காணிக்கை அக்கடனைத் தீர்க்க உதவுகிறது என்றும் தலபுராணம் கூறுகிறது. அரைப்பதும் கடன்படுவதும் இறைவனின் வரலாற்றிலேயே இடம்பெறுவதால், இல்லறத்தின் கவலைகளும் உழைப்பும் பக்திக்குப் புறம்பானவை அல்ல என்பதை எளிய மக்கள் இக்கதையின் வழியே உணர்ந்தனர்.

இதே ஊரில் வாழ்ந்து 1902இல் சமாதியடைந்த சுரைக்காய் சுவாமிகள், உலர்ந்த சுரைக்குடுக்கைகளைத் தோளில் சுமந்து திரிந்தமையால் அப்பெயர் பெற்றார். கொடியிலேயே முற்ற விட்ட சுரைக்காயின் தோல் கெட்டிப்பட்ட பின், உள்ளிருக்கும் சதையையும் விதையையும் அகற்றினால்தான் அது நீர் கொள்ளும் கலமாகிறது. அவ்வாறு வெறுமையான குடுக்கையே நீரில் மிதக்கவும் செய்கிறது. அகந்தை நீங்கிய உள்ளத்தில்தான் அருள் தங்கும் என்பதற்கு உழவர் வீட்டுக் குடுக்கையைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இவ்வகைக் கல்வியை விரிவாக எடுத்துரைப்பது பாகவத புராணத்தின் பதினொன்றாம் கந்தமாகும். உலகப் பற்றுகளைத் துறந்து திரியும் அவதூதர் ஒருவர், நிலம், நெருப்பு, கடல், தேனீ, விட்டில் முதலிய இருபத்து நான்கு குருமார்களைத் தாம் பெற்றதாக யது மன்னனிடம் அதில் கூறுகிறார். அரசன் தன் அருகே சென்றதையும் அறியாது அம்பைச் சீராக்கிய தொழிலாளியிடம் மன ஒருமையையும், நெல் குற்றும்போது வளைகள் ஒலித்ததால் கைக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்த கன்னியிடம் தனிமையின் அமைதியையும் அவர் கற்றார். சுடரில் விழுந்து மடியும் விட்டிலோ, ஆசையின் கேட்டை அவருக்கு உணர்த்தியது.

அத்தொழிலாளியும் கன்னியும் தாங்கள் ஒருவருக்குக் குருவானதை அறியவே இல்லை என்பது சிந்திக்கத்தக்கது. கற்பவரின் கவனமே ஒரு நிகழ்வைப் பாடமாக்குகிறது. அதன்படி அவர் தம் நடத்தையைத் திருத்திக்கொள்ளும்போதுதான் அப்பாடம் நிறைவு பெறுகிறது. ஆகவே ஓய்வில்லாத குடும்பத்தாரும் ஞானத்துக்கெனத் தனிக்காலத்தை எதிர்பார்த்திராமல், அன்றன்று செய்யும் வேலையை முழு மனத்துடன் செய்வதிலிருந்தே அக்கல்வியைத் தொடங்கலாம்.