பூசணம் தந்த இருதய மருந்து

பாடுபட்டு விளைவித்துச் சேமித்த தானியத்தில் பூசணம் பிடித்துவிட்டால் விவசாயியின் மனம் நோவது இயல்பே. ஆயினும், அரிசியில் வளர்ந்த பூசணம் ஒன்றே, இன்று உலகெங்கும் பல கோடி மக்கள் உட்கொள்ளும் ஒருவகை இருதய மருந்துக்கு வழிகாட்டியது என்பது வியப்புக்குரியது.

நம் உடலிலுள்ள கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளில் பெரும்பகுதியை உடலே உற்பத்தி செய்துகொள்கிறது. இப்பணியில் ஈரலுக்குச் சிறப்பான பங்கு உண்டு. இரத்தத்தில் இது மிகுமாயின், வாய்க்காலில் வண்டல் சேர்வதுபோல இரத்தக் குழாய்களின் உட்சுவரில் படிந்து வழியைக் குறுக்கிவிடும். மாரடைப்புக்கு இதுவும் ஒரு முக்கிய காரணமாகும்.

ஜப்பானில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்த அகிரா எண்டோ என்னும் விஞ்ஞானி, 1971-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பூசணங்கள் தமக்குப் போட்டியாக வரும் நுண்ணுயிர்களை ஒடுக்கச் சில பொருள்களை உண்டாக்குகின்றன. கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளும் அவற்றுள் இருக்கலாம் என அவர் கருதினார். சுமார் 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்த பின், கியோட்டோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியில் கண்ட பூசணத்திலிருந்து, 1973-இல் காம்பாக்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அது விற்பனைக்கு வரவில்லை. எனினும் அதே வழியில், ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் என்னும் வேறொரு பூசணத்திலிருந்து கிடைத்த லோவாஸ்டாடின், 1987-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது.

லோவாஸ்டாடினின் அமைப்பில் ஒரு சிறு மாற்றம் செய்தால் சிம்வாஸ்டாடின் என்னும் ஆற்றல் மிகுந்த மருந்து கிடைக்கும். முன்பு இம்மாற்றத்திற்குப் பல படிகளும் தீங்கு விளைக்கும் ரசாயனங்களும் தேவைப்பட்டன. இங்கேதான் பூசணத்தின் என்சைம் உதவிக்கு வந்தது. என்சைம் என்பது பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர் முதல் மனிதன் வரை எல்லா உயிர்களிலும் ரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதப் பொருளாகும். ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் பூசணம், லோவாஸ்டாடினை ஆக்கும்போது அதன் பக்கச் சங்கிலியை ‘லவ்டி’ என்னும் என்சைமைக் கொண்டு இணைக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யீ டாங் குழுவினர், இதே என்சைம் சிம்வாஸ்டாடினுக்குரிய சங்கிலியையும் ஒரே படியில் இணைக்க வல்லது எனக் கண்டனர். கோடெக்சிஸ் நிறுவனம் அந்த என்சைமைத் திருத்தி, தொழிற்சாலைக்கு ஏற்றதாக்கியது. ரசாயனக் கழிவைக் குறைக்கும் இம்முறைக்கு 2012-இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் பரிசு கிடைத்தது.

இதைக் கொண்டு பூசணம் பிடித்த தானியம் உடலுக்கு நல்லதென எண்ணிவிடலாகாது. காம்பாக்டினை அளித்த பெனிசிலியம் சிட்ரினம் என்னும் அதே பூசணம், சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்னும் நஞ்சையும் உண்டாக்கக் கூடியது. நஞ்சை நீக்கி மருந்தை மட்டும் அளவறிந்து எடுப்பது ஆய்வுக்கூடத்தின் பணி. நெல்லை ஈரப்பதம் 14 சதவிகிதத்திற்கு மேற்படாதவாறு உலர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் காப்பதே நம் பணி. இம்மருந்துகளையும் டாக்டரின் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது. தொடங்கிய மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு.

களஞ்சியத்தில் பகையாக நிற்கும் உயிர், அறிவுள்ளோர் கையில் துணையாகிறது. எச்சிற்றுயிரையும் அலட்சியம் செய்யாது ஆராய்தலே விஞ்ஞானம் நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.