சிமெண்டுக்கு முந்தைய சுவர்கள்

பினாங்கின் ஆயர் ஈத்தாம் சாலையில் இருக்கும் பழைய சஃபோக் மாளிகை பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து, 2007இல் சீரமைக்கப்பட்டது. மறு ஆண்டே அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. அங்கிருந்து ஜார்ஜ்டவுன் கடற்கரைக்கு வந்தால் கோர்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் நிபோங் மரத்தூண்களை நட்டு அமைத்த வேலி, 1804க்கும் 1810க்கும் இடையில் செங்கல் கோட்டையானது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டதே 1824இல்தான். ஆகவே இந்தச் சுவர்களைப் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. பழுதுபார்க்கவும் அதைத்தான் கையாள வேண்டும்.

சுண்ணாம்புக் கல்லையோ சிப்பியையோ ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கி நீறும். நீறிய சுண்ணாம்பை மணலுடன் குழைத்துப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மறுபடியும் கல்லாகிறது. அப்படி இறுகிய பிறகும் அதில் நுண்துளைகள் இருக்கும். கடலோரத்தில் இந்தத் துளைகள்தான் சுவரின் உயிர். தரையிலிருந்து செங்கல் வழியே ஏறும் ஈரம், உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு பூச்சின் மேல் வெள்ளையாகப் பூத்து, நாளடைவில் பூச்சைத்தான் உதிர்க்கும். இறுக்கமான சிமெண்டோ வழியை அடைத்துவிடும். ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்க, உப்பு அங்கே படிகமாகி விரிந்து, செங்கல்லின் முகத்தைப் பொடிப்பொடியாகப் பெயர்க்கும். பூச்சைத் திரும்பப் பூசலாம். இருநூறு ஆண்டுச் செங்கல்லுக்கு மாற்று ஏது?

சிமெண்டுதானே உறுதி என்பார்கள். புதிய கான்கிரீட் கட்டடத்துக்கு அது சரி. பழைய செங்கல்லோ மென்மையானது. அதைவிடக் கடினமான சாந்து, சுவர் சற்றே அசையும்போது விரிசலைச் செங்கல்லின் தலையில் கட்டிவிடுகிறது. சுண்ணாம்பு வேலை மெதுவானது, சில ஆண்டுகளுக்கொரு முறை கவனிப்பு கேட்கும் என்பதும் உண்மையே. அந்தச் செலவைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். கோர்ன்வாலிஸ் கோட்டையில் சுண்ணாம்பு வேலை இன்னும் அவசரம். சுமார் 9 மீட்டர் அகலமிருந்த அகழியை மலேரியா பயத்தால் 1920களில் தூர்த்தார்கள். அண்மை ஆண்டுகளில் அதை மீட்கும் பணி தொடங்கியது. சுவரருகே தண்ணீர் திரும்பினால், ஈரம் வெளியேற வழியும் இருந்தாக வேண்டும்.

காலனிக் கோட்டைக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. உத்தரவு போட்டவன் ஆங்கிலேயன், உழைத்தவன் இந்தியக் கைதி. சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும் (1856–61) இத்தகைய கைதிகளே கட்டினார்கள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் சேர்ந்த ‘மெட்ராஸ் சுண்ணம்’தான் அங்கே பூச்சு. அந்தக் கைதிகளில் பெரும்பாலோரின் பெயர் வரலாற்றில் இல்லை. கைவேலை மட்டும் சுவரில் இருக்கிறது. அதைச் சிமெண்டால் மூடுவது அநியாயம்.

பினாங்கில் பழைய செங்கல் வீடோ கடைவீடோ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பூச்சு உதிர்ந்தால், கட்டடக் குத்தகையாளரிடம் முதலில் சுண்ணாம்பு வேலை தெரியுமா என்று கேளுங்கள்.